நியூயார்க்கில் அந்த இரண்டு நாள்கள்: சர்வதேச ஜூடோ சம்மேளனத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2030 நவம்பரில், பெண்களுக்கான முதல் உலக ஜூடோ போட்டி நடந்து ஐம்பது ஆண்டுகள் நிறைகின்றன. அதற்கு இன்னும் காலம் இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றலாம். இல்லை என்று சொல்லத்தான் இந்த மடல். 1980-இல் இருபது வயதில் பாயில் இறங்கியவர்களுக்கு அப்போது எழுபது வயதாகியிருக்கும்.

1961-இல் பாரிஸில் நெதர்லாந்தின் ஆண்டன் ஹீசிங்க் ஜப்பானியர்களை வென்று உலகப் பட்டம் பெற்ற கதையை, ஜூடோ கற்கத் தொடங்கிய முதல் மாதத்திலேயே எனக்குச் சொன்னார்கள். பெண்களில் முதன்முதலாகப் பட்டம் வென்றவர்கள் யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானாகத் தேடித்தான் தெரிந்துகொண்டேன்.

தேடியபோது முதலில் கண்ணில் பட்டவர் ரஸ்டி கனோகோகி. புரூக்ளினில் வளர்ந்தவர். 1959-இல் யூட்டிகா நகரில் நடந்த ஒய்.எம்.சி.ஏ. போட்டியில், காயமடைந்த அணித் தோழருக்குப் பதிலாக இறங்கினார். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். அங்கிக்குள்ளே மார்பைத் துணிக்கட்டால் இறுக்கிக் கட்டியிருந்தார். ஜூடோவில் எதிராளியின் கை முதலில் பற்றுவதே அங்கியின் கழுத்துப்பட்டியைத்தான். இழுத்த இழுப்பில் அங்கி விலகும், இடைக்கச்சை அவிழும். அந்தப் பிடிக்குள் நின்றுகொண்டு, கட்டு நழுவிவிடக் கூடாதே என்ற பதைப்போடு ஓர் ஆணை அவர் வீழ்த்தினார். பிறகு, நீ பெண்ணா என்று அமைப்பாளர் கேட்டபோது ஆம் என்றார். பதக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது அவரிடமே இருந்திருக்கும்.

ஆண்களுக்கு 1956-லேயே டோக்கியோவில் உலகப் போட்டி வந்துவிட்டது. பெண்கள் அதற்குப் பிறகு இருபத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பை முடித்துவைத்தவரும் ரஸ்டிதான். தன் வீட்டை அடமானம் வைத்துப் பணம் திரட்டினார். 1980 நவம்பர் 29, 30 தேதிகளில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 27 நாடுகளின் வீராங்கனைகள் கூடினார்கள்.

எட்டுப் பிரிவுகளில் பட்டம் வென்றவர்களின் பெயர்களை இங்கே முழுதாக எழுத விரும்புகிறேன்: பிரிட்டனின் ஜேன் பிரிட்ஜ், ஆஸ்திரியாவின் எடித் ஹ்ரோவாட், கெர்டா விங்கிள்பாவர், எடித் சிமோன், நெதர்லாந்தின் அனிதா ஸ்டாப்ஸ், பிரான்சின் ஜோசலின் திரியாது, இத்தாலியின் மார்கெரிட்டா டி கால், எடை வரம்பில்லாத பிரிவில் பெல்ஜியத்தின் இங்கிரிட் பெர்க்மன்ஸ். ஜூடோ பிறந்த ஜப்பானுக்கு ஒரு தங்கம்கூட இல்லை. பதினாறு வயதுகூட நிரம்பாத கவோரி யமகுச்சி வெள்ளி வென்றார். நான்கு ஆண்டுகள் கழித்து வியன்னாவில் அவரே ஜப்பானின் முதல் பெண் உலகச் சாம்பியன் ஆனார்.

1988 சியோல் ஒலிம்பிக்கில் பெண்கள் ஜூடோ, பதக்கக் கணக்கில் சேராத காட்சி விளையாட்டாக இடம்பெற்றதற்கும், 1992 பார்சிலோனாவில் முழுத் தகுதி பெற்றதற்கும் அடித்தளம் அந்த இரண்டு நாள்களில் போடப்பட்டது. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். நியூயார்க்கில் மோதியவர்களில் இன்று நம்மோடு இருக்கும் ஒவ்வொருவரையும், முதல் சுற்றிலேயே தோற்றவர்கள் உட்பட, தேடிக் கண்டுபிடியுங்கள். யாரிடம் பயின்றார்கள், யார் தடுத்தார்கள், பயணச் செலவுக்கு என்ன செய்தார்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவுசெய்யுங்கள். 2030-இல் உலகப் போட்டி எந்த ஊரில் நடந்தாலும், சம்மேளனத்தின் செலவில் அவர்களை அழைத்து, தொடக்க நாளில் அரங்கின் நடுவே நிறுத்துங்கள். பதக்கம் வென்றவர்களை மட்டும் அழைத்து முடித்துவிடாதீர்கள். முதல் சுற்றில் தோற்க ஒரு பெண் வந்திருந்தால்தான் அடுத்த சுற்று என்று ஒன்று இருந்திருக்கும்.

யூட்டிகாவில் பறித்த பதக்கத்துக்கு ஈடாக, 2009-இல் நியூயார்க் ஒய்.எம்.சி.ஏ. ரஸ்டிக்கு ஒரு தங்கப் பதக்கம் அளித்தது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு! அதே ஆண்டு நவம்பரில், 74 வயதில் அவர் காலமானார். சில மாதங்கள் தாமதமாகியிருந்தால் அதை வாங்க அவர் இருந்திருக்கமாட்டார்.

அந்த 27 நாடுகளின் ஜூடோ சங்கங்களுக்கும் இந்த ஆண்டே கடிதம் அனுப்புங்கள். முகவரி தேடுவதற்கே சில ஆண்டுகள் பிடிக்கும்.

இப்படிக்கு,
ஜூடோ பயிலும் ஒரு பெண்