பைரோன் சிங் சாகவில்லை

அன்புள்ள செல்வத்துக்கு அப்பா எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை டிவியில் ‘பார்டர்’ படம் போட்டான். சண்டை நடக்கிற லோங்கேவாலா நீ இருக்கிற பக்கம்தானே என்று உன் அம்மாவும் வந்து உட்கார்ந்தாள். பைரோன் சிங்காக வருகிற சுனில் ஷெட்டி சாகிற இடத்தில் எழுந்து அடுப்படிக்குப் போனவள்தான், திரும்பி வரவில்லை. அங்கேயே போய்ச் சொன்னேன். அந்த பைரோன் சிங் எல்லைப் பாதுகாப்புப் படைக்காரர், 1971 பாகிஸ்தான் சண்டையில் சாகவில்லை, 2022 டிசம்பரில்தான் காலமானார். படம் வந்த 1997-க்கு அப்புறமும் 25 வருஷம் இருந்தவர். படத்தில் செத்துப்போகிற தர்மவீரும் சண்டையில் சாகவில்லை. நம் பக்கம் போனது 2 பேர் என்பதுதான் கணக்கு. அவள் பதிலே பேசவில்லை.

படத்தில் கத்தல் ஜாஸ்தி. உள்ளபடி நடந்தது வேறு. அங்கே நம் பக்கம் சுமார் 120 பேர், 2 மீடியம் மெஷின்கன், 2 எண்பத்தொன்று எம்.எம். மோர்ட்டார், ஜீப்பில் ஏற்றின ஆர்.சி.எல். என்கிற டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கி, பெரிய ஆயுதம் அவ்வளவுதான். டாங்கி ஒன்றுகூடக் கிடையாது. எதிரில் பாகிஸ்தானின் டி-59 டாங்கி வரிசையாக வருகிறது. முள்கம்பியைப் பார்த்ததும் கண்ணிவெடி புதைத்திருக்கிறார்கள் என்று நின்றுவிட்டான். பொழுது அதிலேயே போயிற்று. சுற்றிப் போகப் பார்த்தவை இளகின மணலில் மாட்டின. டாங்கியில் இருந்த எக்ஸ்ட்ரா டீசல் பீப்பாய் தீப்பிடித்த வெளிச்சத்தில் மேட்டில் இருந்த நம்மவர்களுக்குக் குறி தெரிந்தது. நம் ஹண்டர் போர் விமானத்துக்கு ராத்திரியில் கண் தெரியாது. டிசம்பர் 5-ஆம் தேதி விடிந்துதான் ஜெய்சல்மேரிலிருந்து வந்தது. அங்கே தலைவராக இருந்த மேஜர் சாந்த்புரி ராத்திரியே வயர்லெஸ்ஸில் நிலைமையைச் சொன்னதால்தான் அதுவும் வந்தது. நாலு பக்கமும் குண்டு விழும்போது அந்த மனுஷனுக்குப் பேச நேரம் கிடைத்திருக்கிறது.

அது இருக்கட்டும். மணலில் இறங்குமுன் டயர் காற்றை மூன்றில் ஒரு பங்கு குறை. ரோடு ஏறினதும் மறுபடி அடித்துவிடு, இல்லாவிட்டால் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும். சிக்கினால் ஆக்சிலேட்டரை மிதிக்காதே. சக்கரம் குழி பறித்துக்கொண்டே போய்ச் சேஸிஸ் மணலில் உட்கார்ந்துவிடும், அப்புறம் இன்னொரு வண்டி வந்து இழுக்கணும். சக்கரத்துக்கு முன்னால் மணலை வாரிவிட்டுப் பலகை கொடு, முதல் கியரில் மெதுவாக எடு. நிறுத்தும்போது இறக்கம் பார்த்து நிறுத்து. புழுதிக்காற்று அடித்த அன்றைக்கே ஏர் கிளீனரைத் தட்டு, நாளைக்கு என்று வைக்காதே. துப்பாக்கிக்கு எண்ணெய் அதிகம் போடாதே, மணல் ஒட்டும், துடைத்துக் காயவிடு. தண்ணீரைக் கேனில் சேர்த்து வைக்காமல் குடி. தாகம் எடுக்குமுன் குடி.

நீ இந்த வேலையை எல்லாரையும்விட நன்றாகச் செய்வாய் என்று உன் ஹவில்தார் சொன்னதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். ஆனால் போனுக்கு சார்ஜ் போட ஒரு மணி நேரம் கிடைக்காதா?

மேலக்காட்டு விஷயத்தில் அன்றைக்கு நான் பேசினது தப்பு. சித்தப்பா முன்னால் பேசியிருக்கக் கூடாது. பத்திரத்தை உன் இஷ்டப்படி செய்.

இன்னொன்று. என் சர்வீஸில் இன்லண்ட் லெட்டரில் ‘நலம், நலமறிய ஆவல்’ என்பதற்குமேல் உன் அம்மாவுக்கு நான் எழுதினதில்லை. சில மாதம் அதுகூட இல்லை. டூட்டி என்று சொல்வேன். டூட்டி எப்போதும் காரணம் இல்லை. அவள் அந்த நாளில் எப்படி இருந்திருப்பாள் என்று இந்த மூன்று வாரத்தில்தான் தெரிகிறது.

எள்ளுருண்டை பார்சல் போட்டிருக்கிறாள். வந்து சேர்ந்ததா என்று அவளிடமே சொல்லு. ஏர் கிளீனரை மறக்காதே.

அப்பா