மென்பொருளை நீக்கும் முன் கோப்பைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

லினக்ஸில் படம் திறக்க மறுக்கிறது என்று யார் கேட்டாலும், 'இமேஜ் வியூவரை (படம் காட்டும் மென்பொருளை) நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள்' என்பதே முதல் பதிலாக வருகிறது. தங்கள் கணினிப் பகுதியில் இதைத் திருத்தி எழுத வேண்டுகிறேன். அப்படி நிறுவுவதால் பெரும்பாலும் எதுவும் மாறாது. படத்தைப் பிரித்துப் படிக்கும் நிரல்கள் பல தனியே நிறுவ வேண்டிய தொகுப்புகளில் (பேக்கேஜ்) இருக்கின்றன. வியூவரை எத்தனை முறை போட்டாலும் இல்லாத தொகுப்பு வந்துவிடாது.

முதலில் பிழைச் செய்தியை முழுவதும் படிக்க வேண்டும். 'ஐ ஆஃப் க்னோம்' வியூவர், 'இது ஜேபெக் கோப்பு அல்ல; 52, 49 என்று தொடங்குகிறது' என்ற பொருளில் ஒரு வரி காட்டும். விடை அந்த இரண்டு பைட்டுகளிலேயே இருக்கிறது. அவை பதினறும (ஹெக்ஸ்) எண்கள்; இவற்றில் எழுத்துகளும் வரும். உண்மையான ஜேபெக் கோப்பு எஃப்எஃப், டி8 என்று தொடங்கும். 89, 50 என்றால் அது பிஎன்ஜி என்ற பட வகை. 52, 49 என்றால் பெரும்பாலும் வெப்பி என்ற பட வகை. பெயர் ஜேபிஜி என்று முடிகிறது, உள்ளே இருப்பதோ வேறு வகை. பெயரை நம்பிய வியூவர் தவறான நிரலிடம் கோப்பைக் கொடுத்துவிடுகிறது. இணையத்திலிருந்து சேமித்த படங்களில் இது அடிக்கடி நேரும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் 'ஃபைல்' கட்டளையுடன் கோப்பின் பெயரைக் கொடுத்தால் உண்மையான வகை தெரியும். அதற்கேற்ப பெயரின் கடைசிப் பகுதியை மாற்றினால் போதும்.

பெயர் சரியாக இருந்தும் திறக்கவில்லையா? அப்போது தொகுப்பைத் தேடலாம். டெபியன், உபுண்டுவில் வெப்பிக்கு 'வெப்பி-பிக்ஸ்பஃப்-லோடர்', ஐபோன்கள் 2017 முதல் எடுத்துத் தரும் ஹெய்க் வகைப் படங்களுக்கு 'ஹெய்ஃப்-ஜிடிகே-பிக்ஸ்பஃப்'. இவை பிக்ஸ்பஃப் என்ற நிரல் நூலகத்தைக் கொண்டு படம் திறக்கும் ஐ ஆஃப் க்னோம் போன்றவற்றுக்குத்தான். கேடிஇ பணிமேடையின் க்வென்வியூ வியூவர் க்யூட்டி என்ற வேறு நூலகத்தைக் கொண்டு எழுதப்பட்டது. அதற்கு ஹெய்க் படங்களைத் திறக்க கேஇமேஜ்ஃபார்மட்ஸும், வெப்பிக்கு க்யூட்டி இமேஜ் ஃபார்மட்ஸும் வேண்டும். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் தொகுப்பின் பெயரை மட்டும் சொல்வதால்தான் பலர் வீணாக அலைகிறார்கள்.

வீட்டுக் கோப்புறையில் திறக்கும் படம் பென்டிரைவில் திறக்கவில்லை என்றால், வியூவர் ஸ்னாப் என்ற நிறுவல் முறை வழியே வந்ததா என்று பாருங்கள். ஸ்னாப் மென்பொருளுக்கு வெளிச் சேமிப்பகத்தைப் படிக்கும் அனுமதி தானாகக் கிடைப்பதில்லை. 'ஸ்னாப் கனெக்ட்' கட்டளையால் 'ரிமூவபிள்-மீடியா' அனுமதியைத் தர வேண்டும். இதே போன்ற ஃப்ளாட்பேக் முறையில் வந்தது என்றால் ஃப்ளாட்சீல் செயலியில் கோப்புறை அனுமதியைச் சேர்க்கலாம். சூடோ கட்டளை போட்டு (நிர்வாகி உரிமையுடன்) நகலெடுத்த கோப்புகள் ரூட் எனும் நிர்வாகிக் கணக்கின் பெயரில் போய்விடுவதும் உண்டு. உரிமையாளரை மாற்றினால் சரியாகும்.

கோப்பின் அளவு 0 பைட் என்றால் எந்த வியூவரும் உதவாது. பென்டிரைவை முறைப்படி கழற்றாமல் பிடுங்கினால், நினைவகத்தில் காத்திருந்த தரவு எழுதப்படாமலே போய்விடும். மூலக் கோப்பு இருந்தால் மறுபடி நகலெடுப்பதே வழி.

படம் திறந்த பிறகும் கோப்பு மேலாளரில் சிறுபடம் வராமல் இருக்கலாம். வீட்டுக் கோப்புறையில் மறைந்திருக்கும் 'கேஷ்' கோப்புறைக்குள், 'தம்ப்நெயில்ஸ்' என்பதில் 'ஃபெயில்' என்ற கோப்புறை இருக்கும். முன்பு தோற்ற முயற்சிகளின் பதிவு அது. அதை நீக்கிவிட்டுக் கோப்பு மேலாளரை மறுபடி திறந்தால் சிறுபடம் வரும்.

இப்படிக்கு,
லினக்ஸ் பயன்படுத்தும் வாசகர்