வரியை ஏற்றினால் தோல்வி, செலவை வெட்டினால் வெற்றியா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தேர்தல் நெருங்கினால் நம் கணக்கு அலுவலகத்தில் வரித் தாக்கலைவிடத் தேர்தல் அறிக்கைகளைப் பற்றிய பேச்சுதான் அதிகம். “வரியை ஏற்றுவேன் என்று சொல்லி எவராவது ஜெயித்ததுண்டா?” என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். யாருக்கு ஓட்டு என்பதில் நாங்கள் தலையிட மாட்டோம். ஆனால் இந்தக் கேள்விக்கு நின்றபடியே பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இந்த மடல்.

வரியால் தோற்றவர்கள் நிறையப் பேர். அமெரிக்காவில் மூத்த புஷ் அதிபர் தேர்தலில் நின்றபோது, புதிய வரி கிடையவே கிடையாது என்று 1988-இல் அடித்துச் சொன்னார். 1990-இல் வரி உயர்வுக்கு ஒப்புக்கொண்டார், 1992-இல் தோற்றார் (பொருளாதாரமும் அப்போது சரியில்லை). கனடாவில் 1991-இல் ஜி.எஸ்.டி. கொண்டுவந்த கட்சிக்கு 1993 தேர்தலில் கிடைத்தவை இரண்டே இடங்கள். ஆஸ்திரேலியாவில் எதிர்க்கட்சித் தலைவர் ஜான் ஹியூசன் 15% ஜி.எஸ்.டி. போடுவேன் என்று சொல்லியே 1993-இல் போட்டியிட்டு, கைக்கு வரவிருந்த வெற்றியைக் கோட்டைவிட்டார். ஆனால் அதே நாட்டில் 1998-இல் பிரதமர் ஜான் ஹோவர்ட் அந்த வரியை 10% ஆக்கி, வருமான வரிக் குறைப்போடு சேர்த்து முன்வைத்தார். ஓட்டு குறைந்தது, ஆனாலும் ஆட்சி நிலைத்தது. ஆக, ஜெயித்ததுண்டு.

செலவை வெட்டியவர்கள்? கனடாவின் நிதியமைச்சர் பால் மார்ட்டின் 1995 பட்ஜெட்டில் கடுமையாக வெட்டினார். 1997-இல் அவருடைய கட்சியே மறுபடி ஆட்சிக்கு வந்தது. பற்றாக்குறையைக் குறைத்த அரசுகளை மக்கள் கட்டாயம் தண்டிப்பதில்லை என்று ஆல்பர்டோ அலெசினா போன்ற பொருளாதார அறிஞர்களும் எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. கத்தியை எடுக்கத் துணிவது பெரும்பாலும் ஏற்கெனவே பலமாக இருக்கும் அரசுதான். அது ஜெயித்தால் வெட்டியதால் ஜெயித்தது என்று சொல்லிவிட முடியுமா?

இன்னொன்று. அரசுச் செலவைக் குறைக்க வேண்டுமா என்று பொதுவாகக் கேட்டால் தலையாட்டுவோம். கல்வியிலா, மருத்துவத்திலா என்று கேட்டால் கதை மாறும். அமெரிக்காவில் 1970-களிலிருந்து நடந்துவரும் பொதுச் சமூகக் கருத்தாய்வில், இந்த இரண்டுக்கும் அரசு செலவழிப்பது போதவில்லை என்பவர்களே அதிகம். வெளிநாட்டு உதவிக்குத்தான் அளவுக்கு மீறிப் போகிறது என்பார்கள், ஆனால் அது பட்ஜெட்டில் மிகச் சிறிய பங்கு.

எங்களைக் கேட்டால், மக்கள் வரியையும் செலவையும் தனித்தனியாக எடைபோடுவதேயில்லை. பிரிட்டனில் 2010-இல் வந்த கூட்டணியைப் பாருங்கள். 2011 ஜனவரியில் வாட் வரியை 17.5 சதவீதத்திலிருந்து 20 ஆக்கினார்கள், செலவையும் வெட்டினார்கள். 2015-இல் கன்சர்வேட்டிவ் கட்சி தனிப் பெரும்பான்மை பெற்றது. அதே ஆட்சியில் பங்கேற்ற லிபரல் டெமாக்ரட் கட்சி 57 இடங்களிலிருந்து 8-க்கு இறங்கியது. ஆட்சியும் வெட்டும் ஒன்றுதான். ஆனால் கல்லூரிக் கட்டண உயர்வை எதிர்ப்போம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த கட்சி அது. கட்டண உச்சவரம்பு 9,000 பவுண்டு ஆனபோது, அவர்களை நம்பி ஓட்டுப் போட்டவர்களுக்கே அடி விழுந்தது. சரிவுக்கு இது மட்டுமே காரணம் இல்லை, ஆனால் பெரிய காரணம்.

எங்கள் தொழிலில் கண்ணில் படுவது வேறொரு வகை. வரி விகிதத்தைத் தொடவே மாட்டார்கள், வரி விலக்கு வரம்பை மட்டும் அப்படியே நிறுத்தி வைப்பார்கள். பிரிட்டனில் 2021-லிருந்து அது 12,570 பவுண்டிலேயே நிற்கிறது. விலைவாசியோடு சம்பளம் ஏற ஏற, வரியும் சத்தமில்லாமல் ஏறுகிறது. செலவுப் பக்கமும் இப்படித்தான்: உதவித்தொகையை வெட்ட வேண்டாம், உயர்த்தாமல் விட்டாலே போதும். இதைப் பற்றி மேடையில் யாரும் பேசுவதில்லை, ஓட்டுப் போடுகிறவர் கணக்கில் இது வருவதும் அபூர்வம்.

அதனால் தேர்தல் அறிக்கையைக் கொண்டுவரும்போது, போன ஆண்டின் வரிக் கணக்கையும் எடுத்து வாருங்கள். விகிதம், வரம்பு, நீங்கள் பெறும் உதவி மூன்றையும் சேர்த்து உங்களுக்கு என்ன மாறும் என்று கணக்குப் போட்டுத் தருகிறோம். இதற்குக் கட்டணம் இல்லை. தாக்கல் கெடு நெருங்கும் கடைசி வாரத்தில் மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் கணக்கு அலுவலகம்