வெஞ்சனம் பேச வா

ஜன்னலோரத்துக்காரிக்கு,

உன் பெயரை இங்கே எழுதவில்லை. கோவில்பட்டியில் பத்தாம் வகுப்பு ஆ பிரிவில், மூன்றாவது பெஞ்சில், ஜன்னலோரம் யார் உட்கார்ந்திருந்தாள் என்று நமக்குள் தெரியும். அது போதும்.

நம் வகுப்புத் தோழிகளின் வாட்ஸ்அப் குரூப்பை நீ விட்டுப் போனது மற்றவர்களுக்கு உடனே தெரியவில்லை. முன்பெல்லாம் ஒருத்தி வெளியேறினால் அத்தனை பேர் கண்ணிலும் அந்த வரி படும். 2022-இல் வாட்ஸ்அப் அதை மாற்றிவிட்டது; இப்போது அட்மினுக்கு மட்டும்தான் காட்டுகிறது. அதனால் நான் பார்த்தேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று ராத்திரி. காலையிலிருந்து மார்க் போட்டோக்களாக வந்து விழுந்துகொண்டிருந்தன. கேக், மத்தாப்பு, கை தட்டல். மத்தியானம் ஒருத்தி உன் பெயரைப் போட்டு, "உன் மவன் எவ்வளவுட்டி?" என்று கேட்டாள். அதற்குக் கீழே இன்னும் இரண்டு பேர் கேள்விக்குறி போட்டார்கள். நீ பதில் சொல்லவில்லை. படுக்கப் போகும் நேரத்தில் போய்விட்டாய்.

உன் மகன் என்ன வாங்கினான் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதற்காக இதை எழுதவும் இல்லை. நீ இல்லாத குரூப்பில் ஏதோ ஒன்று குறைகிறது. அது என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

1994-இல் நம் ரிசல்ட் எப்படி வந்தது, நினைவிருக்கிறதா? பேப்பரில் வெறும் நம்பராக வந்தது. உன் வீட்டுத் திண்ணையில் பேப்பரை விரித்து எல்லாருக்கும் நீதான் விரல் வைத்துத் தேடினாய். ஒருத்தியின் நம்பர் மட்டும் இல்லை. அதற்கு முந்தினது இருந்தது, பிந்தினதும் இருந்தது. நீ சட்டென்று பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "அச்சு சரியா விழலட்டி, நாளைக்கு ஸ்கூல்ல போய்ப் பாப்போம்" என்றாய். அவளுக்கும் புரிந்தது, நமக்கும் புரிந்தது. ஆனால் அந்த ஒரு ராத்திரியை நீ அவளுக்கு வாங்கிக் கொடுத்தாய். அடுத்த வாரத்திலிருந்து அவள் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனாள்.

அவள்தான் இன்றைக்கு நம் குரூப்பைக் காலையில் எழுப்புகிறவள். டைப் பண்ண மாட்டாள். எல்லாம் வாய்ஸ்தான். "ஏட்டி, எல்லாரும் எந்திரிச்சிட்டீகளா? இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்று, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்டு, அவள் குரல் வந்த பிறகுதான் எங்களுக்கு விடியும். பின்னால் சில நாள் பக்கத்து வீட்டுச் சேவல் கூவும், சில நாள் தண்ணீர் லாரி ஹாரன் அடிக்கும். தீப்பெட்டி விலை 14 வருஷம் கழித்து 2021 டிசம்பரில் ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனபோது, அதை எங்களுக்கு முதலில் சொன்னதும் அவள்தான். அவள் குரலில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நீயும் கேட்டாய். கைதட்டல் போட்டாய்.

மார்க் போட்டோக்கள் வந்த அந்த நாள் முழுக்க அவள் வாய் திறக்கவில்லை. உன்னை மட்டும்தான் அந்தக் கேள்வி தொட்டது என்று நினைக்காதே.

அரசாங்கமே 2017-இலிருந்து மாநிலத்தில் முதலிடம், மாவட்டத்தில் முதலிடம் என்று பிள்ளைகளின் பெயரை வெளியிடுவதை நிறுத்திவிட்டது. பிள்ளைகள் மனசு நொந்துவிடக்கூடாது என்றுதான். பள்ளிக்கூடமே விட்டுவிட்ட ஒன்றை, பள்ளிக்கூடம் முடித்து முப்பது வருஷம் ஆன நாம் எதற்காகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்?

இந்தக் குரூப் எவ்வளவு பாடுபட்டுச் சேர்ந்தது என்பதை நீ அறிவாய். ஆம்பளப் பிள்ளைகள் சேர்வது சுலபம். பெயர் மாறாது, இனிஷியல் மாறாது, பாதிப் பேர் ஊரிலேயே இருப்பார்கள், மிச்சப் பேரை டீக்கடையில் விசாரித்தால் தெரிந்துவிடும். நம்மை அப்படித் தேட முடியாது. கடைசி வாரத்தில் ஆட்டோகிராஃப் நோட்டில் எழுதிக்கொண்டோமே, நிரந்தர முகவரி என்று, அதெல்லாம் அப்பா வீட்டு முகவரி. கல்யாணம் ஆனதும் ஆளுக்கொரு திசையாகப் போனோம். இன்லண்ட் லெட்டர் போட்டால் அம்மா வாங்கி அலமாரியில் வைத்திருப்பாள், அடுத்த பொங்கலுக்குப் போகும்போது கையில் கொடுப்பாள். எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடும்போது மாமியார் வீட்டைப் பற்றி என்ன பேச முடியும்? கைக்கு செல்போன் வந்த புதிதிலும் அப்படித்தான். 2003 ஏப்ரல் வரை வருகிற போனுக்கும் காசு. எடுக்கவே பயப்படுவோம்.

முகநூலில் தேடியபோது பலர் கிடைக்கவே இல்லை. ஒருத்தி கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்டிருந்தாள், ஒருத்தி முகத்துக்குப் பதில் ரோஜாப்பூ வைத்திருந்தாள், ஒருத்தி மகளின் போட்டோவில் இருந்தாள். மகளைப் பார்த்துத்தான் தாயைக் கண்டுபிடித்தோம், அதே நெற்றி. செண்பகவல்லி அம்மன் கோயில் ஐப்பசித் திருக்கல்யாணத்தில் கூட்டத்துக்குள் ஒருத்தியைப் பிடித்தோம். இன்னொருத்தியை அவள் தம்பியின் மருந்துக்கடையில் விசாரித்து, அவன் சந்தேகப்பட்டு நம்பர் கொடுக்காமல், அக்காவிடம் கேட்டுவிட்டு மறுநாள் கொடுத்தான். 2016-இல் ஜியோ வந்து நெட் சல்லிசான பிறகுதான் பாதிப் பேர் கைக்கு வாட்ஸ்அப்பே வந்தது. அதுவரை வீட்டில் நெட் உள்ள போன் பிள்ளைகளிடமோ கணவரிடமோதான் இருந்தது.

உன்னைக் கண்டுபிடித்துச் சேர்த்தவள் தீப்பெட்டி ஆபீஸ்காரி. அது உனக்குத் தெரியுமோ என்னவோ. உன் சின்ன மாமியாரின் ஊர்க்காரி ஒருத்தி அவளோடு வேலை பார்த்தாள், அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய் உன் நம்பரை வாங்கினாள்.

குரூப்பில் அப்படி என்னதான் பேசுகிறோம் என்று என் வீட்டில் கேட்பார்கள். உன் வீட்டிலும் கேட்டிருப்பார்கள். சீனிஅவரைக்காய் பொரியலா கூட்டா, புளிச்சாறுக்குத் துவையல் சேருமா, கேஸ் மானியம் வந்ததா, முழங்காலுக்கு எந்த எண்ணெய், மழை பெய்ததா. மஸ்கட்டில் நர்ஸாக இருப்பவளுக்கு நம்மைவிட ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் மணி அடிக்கும். அவள் நைட் டூட்டி முடித்து வந்து நம் காலைப் பேச்சு முழுவதையும் மேலிருந்து கீழே கேட்டுவிட்டுத்தான் படுப்பாள். தாராவியில் இருப்பவள் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் குடத்தை வைத்துவிட்டுப் பேசுவாள், குடம் நிரம்புகிற சத்தம் ஏற ஏறப் பேச்சும் வேகமாகும், நிரம்பியதும் பட்டென்று நின்றுவிடும். திருப்பூர்க்காரியின் வாய்ஸில் ஓவர்லாக் மிஷின் ஓடும். அவளுக்குக் கை ஓயாது, அதனால் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசுவாள்.

இதை வெட்டிப் பேச்சு என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒருத்தியின் கணவர் போன வருஷம் தவறினாரே, அப்போது நடந்ததை நினைத்துப் பார். எல்லாரும் கும்பிட்ட கை போட்டோம், ஆழ்ந்த இரங்கல் போட்டோம், முடிந்தவர்கள் துஷ்டிக்குப் போய் வந்தோம். அதற்கப்புறம் குரூப் அடங்கிப் போனது. அவள் இருக்கும் இடத்தில் குழம்பைப் பற்றி எப்படிப் பேசுவது என்று ஆளாளுக்குக் கூச்சம். விசேஷம் முடிந்து சில நாள் கழித்து அவளே எழுதினாள்: "என்னட்டி, ஒருத்தியும் என்ன வெஞ்சனம்னு சொல்ல மாட்டேங்கீக?" யாருக்கும் சட்டென்று பதில் வரவில்லை. முதலில் பதில் போட்டது நீ. "ரசமும் அப்பளமும்டி. நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாய். அவள் "இனிமேதான்" என்றாள். அன்று மத்தியானம் வரை நீங்கள் இருவரும் ரசத்துக்குப் பூண்டைத் தட்டிப் போடுவதா நசுக்கிப் போடுவதா என்று பேசிக்கொண்டே இருந்தீர்கள். அந்தப் பேச்சை நான் இன்னும் நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறேன்.

இதை உன்னால்தான் செய்ய முடிந்தது. பேப்பரை மடித்து இடுப்பில் செருகியதும் நீதான்.

ராபின் டன்பார் என்று ஒரு பிரிட்டிஷ் ஆய்வாளர் இருக்கிறார். அவரும் அவரோடு இருந்தவர்களும், பள்ளி முடித்துப் போன மாணவர்களை 18 மாதம் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். ஆண்களுக்கு நட்பு நிலைக்க, சேர்ந்து எதையாவது செய்ய வேண்டியிருக்கிறதாம். பெண்களின் நட்பைப் பேச்சே தாங்கிவிடுகிறதாம். படித்ததும் எனக்கு நம் குரூப்தான் ஞாபகம் வந்தது. நாம் சேர்ந்து ஒரு இடத்துக்குப் போக, ஒரு வேலை செய்ய எத்தனை பேரிடம் கேட்க வேண்டியிருக்கிறது! பேசுவதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

மண்டபம் பிடித்து நடத்திய சந்திப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரே கலரில் சேலை, டீச்சர்களுக்குப் பொன்னாடை, நினைவுப் பரிசு, போட்டோகிராபர். நன்றாகத்தான் நடந்தது. நீ வரவில்லை. வராதவர்கள் இன்னும் பலர். ஒருத்தி பிறகு தனியாக என்னிடம் சொன்னாள், கழுத்தில் போட ஒன்றும் இல்லை, அடகில் இருக்கிறது, அதனால் வரவில்லை என்று. அதிலிருந்து எனக்கு அந்த மாதிரிச் சந்திப்பில் பெரிய ஆசை இல்லை. அங்கே போக வேண்டுமானால் உடுத்த வேண்டியிருக்கிறது, காட்ட வேண்டியிருக்கிறது. பிள்ளை என்ன படிக்கிறான், வீடு சொந்தமா என்ற கேள்விகளுக்குப் பதிலோடு போக வேண்டியிருக்கிறது. காலைப் பேச்சுக்கு நைட்டியோடு, தலை சீவாமல், கையில் அரிவாள்மணையோடு வரலாம். ரிசல்ட் அன்று நம் குரூப் மண்டபமாக மாறிவிட்டது. நடந்தது அவ்வளவுதான்.

அதைத் திரும்ப நம் திண்ணையாக மாற்றியிருக்கிறோம். நீ போனதற்குப் பிறகு தீப்பெட்டி ஆபீஸ்காரிதான் முதலில் பேசினாள். நீண்ட வாய்ஸ். அவள் இவ்வளவு கோபமாகப் பேசி நான் கேட்டதில்லை. "மார்க்கு போடணும்னா அவங்கவங்க ஸ்டேட்டஸ்ல போட்டுக்கோங்க. இங்க வேண்டாம். எம் பிள்ளையும் படிக்குது, நாளைக்கு அதுக்கும் வரும்" என்றாள். ஒருத்தியும் எதிர்த்துப் பேசவில்லை. மார்க், சம்பளம், பவுன் மூன்றையும் இங்கே கேட்பதில்லை என்று முடிவு செய்து குரூப் விவரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். உன்னிடம் கேட்டவள் உனக்குத் தனியாக வாய்ஸ் அனுப்பியிருக்கிறாள். நீ இன்னும் திறக்கவில்லை என்று சொன்னாள். அவள் மனசில் ஒன்றும் இல்லாமல் கேட்டவள்தான். ஆனால் கேட்டது கேட்டதுதான், வலித்தது வலித்ததுதான். நீ அவளை மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. திறந்து கேள், அது போதும்.

எங்களிடம் நீ எதையும் சொல்ல வேண்டாம். ஏன் போனாய், எப்படி இருக்கிறான் என்று ஒருத்தியும் கேட்க மாட்டாள். அவனாக ஒரு வழி பிடித்து மேலே வருவான், அதற்கு நேரம் எடுத்துக்கொள்ளட்டும். உனக்குப் பேசத் தோன்றாத நாளில் பேசாமல் கேட்டுக்கொண்டிரு. மஸ்கட்காரி பாதி நாள் அப்படித்தான் இருக்கிறாள், அவள் இருப்பது எங்களுக்குத் தெரிகிறதே.

உன்னைக் கேட்காமல் நானாகச் சேர்க்கப் போவதில்லை. லிங்க் அனுப்பியிருக்கிறேன். அதை மாற்றாமல் வைத்திருப்பேன். ராத்திரி எத்தனை மணிக்குத் தொட்டாலும் கதவு திறக்கும்.

இன்னொரு விஷயம். தீப்பெட்டி ஆபீஸ்காரியின் மூத்தவளுக்குப் பிரசவம் ஆகியிருக்கிறது. தாயும் பிள்ளையும் சுகம். உளுந்தங்களி கிண்டிக் கொடுக்க வேண்டும் என்று நிற்கிறாள். கருப்பட்டி வாங்கியாயிற்று, நல்லெண்ணெய் ஆட்டியாயிற்று. பதம் எங்கள் யாருக்கும் உன் அம்மா கைப்பதம் போல வராது. திருப்பூர்க்காரி ஒரு அளவு சொல்கிறாள், தாராவிக்காரி வேறு அளவு சொல்கிறாள், இரண்டு பேருக்கும் சண்டை. ஒரு உழக்கு உளுந்துக்குக் கருப்பட்டி எவ்வளவு, பச்சரிசி எவ்வளவு சேர்க்கலாம், மாவை வறுக்க வேண்டுமா வேண்டாமா, இதை நீதான் சொல்ல வேண்டுமாம். "அவ வந்து சொல்லட்டும், அதுவரைக்கும் அடுப்புல சட்டி வைக்க மாட்டேன்" என்று உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளை பெற்றவளைக் காக்க வைக்காதே. சீக்கிரம் வந்து அளவைச் சொல்.

பிரியத்துடன்,
உன் பக்கத்து பெஞ்சுக்காரி