ஓவிய வகுப்புக்குத் தாளும் வண்ணமும் வேண்டி மனு

அனுப்புநர்:
பகுதிநேர ஓவிய ஆசிரியர்,
அரசு உயர்நிலைப் பள்ளி,
பர்கூர் ஒன்றியம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
கிருஷ்ணகிரி.

பொருள்: 6 முதல் 8 வகுப்பு வரை ஓவியப் பொருள்கள் வாங்கப் பள்ளி மானியத்தில் தனித்தொகை ஒதுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 2012-இல் பணியில் சேர்ந்து, வாரம் மூன்று அரை நாள் ஓவியம் கற்பித்து வருகிறேன். இம்மனு ஊதியம் பற்றியதோ பணி நிரந்தரம் பற்றியதோ அல்ல; அதற்குச் சங்கம் இருக்கிறது.

தொடக்க வகுப்புகளில் அரசு கிரையானும் வண்ணப் பென்சிலும் விலையில்லாமல் தருகிறது. ஆறாம் வகுப்புக்கு வந்ததும் கணித உபகரணப் பெட்டி வருகிறது, வண்ணம் நின்றுவிடுகிறது. ஓவியத்துக்கென்று ஆசிரியர் கிடைக்கும் வகுப்பில்தான் பிள்ளைகள் கையில் வண்ணம் இல்லை.

இருப்பதை வைத்துச் சமாளிக்கிறோம். செங்கல் பொடி, அடுப்புக்கரி, அவரை இலைச் சாறு, மஞ்சள்தூள். மஞ்சளில் துளி சுண்ணாம்பு விட்டால் சிவக்கும். அதைப் பார்த்து வகுப்பே கத்தும், பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். வேப்பம்பிசினை ஊறவைத்துக் கலந்தால் பொடி தாளில் ஒட்டும். ஈச்சங்குச்சியின் நுனியை நசுக்கினால் தூரிகை. ஆனால் மஞ்சள் வெயில் பட்டால் வெளுத்துவிடும். பிசின் கிடைக்காத ஒருமுறை கஞ்சி கலந்து வரைந்தோம். அரையாண்டு விடுமுறை முடிந்து பீரோவைத் திறந்தால் பூச்சி அரித்திருந்தது. தாளுக்கு ஜனவரியில் வீடு வீடாகப் பழைய காலண்டர் கேட்கிறேன். அந்த வழுவழுப்பில் தண்ணீர் வண்ணம் நிற்காமல் ஓடும்.

சென்ற ஆண்டு கலைத் திருவிழா வட்டாரப் போட்டிக்கு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியை அழைத்துச் சென்றேன். கோடு போடுவதில் கெட்டிக்காரி. வாட்டர் கலர் பெட்டியை அன்றுதான் முதன்முதலாகத் தொட்டாள். எவ்வளவு தண்ணீர் தொடுவது என்று தெரியாமல் வானம் முழுக்கத் திட்டுத்திட்டாகிவிட்டது. திரும்பும் பேருந்தில், "சார், இந்தப் பெட்டிய ஒரு நாள் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?" என்றாள். கொடுத்தேன். திரும்பக் கேட்கவில்லை.

ஒருங்கிணைந்த பள்ளி மானியம் சாக்பீஸ், குழாய், மின்சாதனப் பழுது என்றே கரைகிறது. தலைமையாசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். ஓவியத்துக்கு ஆண்டுக்கு ரூ.5,000 என்று தங்கள் ஆணையில் ஒரு வரி இருந்தால்தான் அது எங்கள் வகுப்புக்கு வந்து சேரும். அலுவலகங்களில் ஒருபக்கம் அச்சாகிக் கழியும் தாள்களைப் பள்ளிக்குத் தரச் சொன்னால் கோட்டோவியப் பயிற்சிக்குப் போதும்.

இன்னொன்று. பர்கூரை அடுத்த மல்லப்பாடிப் பாறையில் வெள்ளை வண்ணத்தில் பழங்காலக் குதிரை வீரர் ஓவியம் இருக்கிறது. பர்கூர் பிள்ளைகள் பலர் அதைப் பார்த்ததில்லை. மண்ணைக் குழைத்து வரைகிற இவர்களுக்கு அதை நேரில் காட்ட ஒரு நாள் அனுமதியும் வண்டிச் செலவும் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பகுதிநேர ஓவிய ஆசிரியர்

இணைப்பு: மாணவர் ஓவியங்கள் 6. மூன்றாவது படத்தில் வெளுத்துத் தெரிவது நிலா அல்ல, சூரியன்.