கத்தி பட்டால்தான் குரல் போகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வார மருத்துவப் பக்கத்தில், 'தைராய்டு ஆபரேஷனில் கத்தி தவறினால்தான் குரல் போகும். கைதேர்ந்த டாக்டரிடம் போனால் கவலையே வேண்டாம்' என்று ஒரு வரி. உடற்கூறு தெரிந்தவர் யாரும் உங்கள் அலுவலகப் பக்கம் வருவதில்லை போலும்.

குரல் நாணை அசைக்கும் ரெக்கரண்ட் லாரிஞ்சியல் நரம்பு அறுபடுவதைவிட இழுபட்டுக் கெடுவதே அதிகம். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் ஏறிவரும் அது, குரல்வளைக்குள் நுழையுமுன் தைராய்டு சுரப்பியை மூச்சுக்குழாயோடு கட்டிவைக்கும் பெர்ரி லிகமென்ட் என்ற நாரை ஒட்டிப் போகிறது. சுரப்பியை முன்னால் இழுத்துப் பிடித்தால் நரம்பும் சேர்ந்து விறைக்கும். பார்வைக்கு முழுசாக இருக்கும், வேலை செய்யாது. ரத்தம் நிறுத்த வைக்கும் கரன்ட் சூடு பக்கத்தில் பட்டாலும் இதே கதைதான்.

ஒரே கழுத்தில் இரண்டாம் முறை ஆபரேஷன் என்றால் தழும்புக்குள் நரம்பைத் தேட வேண்டும். புற்று நரம்பைச் சுற்றியிருந்தாலும், கட்டி மார்பெலும்புக்குப் பின்னால் இறங்கியிருந்தாலும், நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுத்தாலும் ஆபத்து கூடும். வெகு சிலருக்கு வலப்பக்க நரம்பு வழக்கம்போல் கழுத்தடிவரை இறங்கித் திரும்பாமல் நேராகவே குரல்வளைக்குப் போகும். இதெல்லாம் கைதேர்ந்தவருக்கும் சோதனைதான்.

முன்பு உங்கள் பக்கத்தில் 'குரல் கம்மலுக்குத் தேனும் அதிமதுரமும்' என்றொரு துணுக்கு! ஒரு நாண் செயலிழந்தவருக்குக் குரலில் காற்று கலக்கும், தண்ணீர் குடித்தால் புரையேறும். அவர் தேன் நக்கிக்கொண்டிருந்தால் குரல் பயிற்சி தொடங்க வேண்டிய மாதங்கள் வீணாகும். இரண்டு நாண்களும் நின்றால் குரல் ஓரளவு நன்றாகவே இருக்கும், மூச்சுதான் திணறும். சிலருக்குக் கழுத்தில் துளை போட வேண்டிவரும். தாங்கள் அறியாததா?

கேட்பது இரண்டு வரிதான். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஸ்கோப் என்ற சிறு கேமரா குழாய் விட்டு நாண் அசைவைப் பார்க்கச் சொல்லுங்கள். குரல் நன்றாக இருக்கும்போதே ஒரு நாண் முன்பே நின்றிருக்கலாம், அது தெரியாமல் மறுபக்கத்தில் கைவைத்தால் வினை. தற்காலிகப் பாதிப்பு பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் சரியாகும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். லேகிய விளம்பரத்துக்குக் கீழே இடம் மிஞ்சினாலும் போதும்.

இப்படிக்கு,
குரல் பயிற்சியாளர், மதுரை