இடிக்கும் முன் கூரையேறிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கும்பகோணம் வட்டத்தில் உள்ள எங்கள் ஊரின் பழைய தொடக்கப்பள்ளிக் கட்டடத்தை இடித்துவிட்டுக் கடைகள் கட்டலாம் என்ற பேச்சு அடிபடுகிறது. அங்கே அரிச்சுவடி படித்து, பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

திருநெல்வேலியில் 2021 டிசம்பரில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்ததைத் தொடர்ந்து, மாநிலமெங்கும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்கள் கண்டறியப்பட்டு அகற்றப்பட்டன. பிள்ளைகளின் உயிரைவிடப் பெரிது எதுவுமில்லை. அந்த நடவடிக்கையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பழையதெல்லாம் பழுதானது அல்ல.

சென்ற மாதம் கொத்தனார் ஒருவருடன் அக்கட்டடத்தின் மேல்தளத்தில் ஏறிப் பார்த்தேன். தேக்குக் கட்டைகளின் மீது மெல்லிய செங்கற்களைச் சாய்வரிசையில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்த மெட்ராஸ் டெரஸ் கூரை அது. மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று வேர்விட்டிருக்கும் ஒரு மூலையைத் தவிர, மற்ற இடங்களில் கட்டைகளில் உளி நுனிகூட இறங்கவில்லை. சுவரின் அடிப்பகுதி உதிர்வதற்கும் வயது காரணமன்று. இடையில் யாரோ பூசிய சிமென்ட்தான் காரணம். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வெளியே விட்டுவிடும். சிமென்ட் அதை அடைத்துவிடுவதால், ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்துச் செங்கல்லை அரித்துவிடுகிறது.

இதைவிட மோசமான நிலையில், 2012 தீவிபத்தில் கூரையிழந்து நின்ற சென்னை சேப்பாக்கம் அரண்மனையின் ஒரு பகுதியான கலஸ் மஹாலைப் பொதுப்பணித் துறையே மீட்டெடுத்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இன்று அங்குதான் இயங்குகிறது. எங்கள் ஊருக்கு அவ்வளவு பெரிய பயன்பாடு தேவையில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் இப்போது கோயில் மண்டபத்தில், நடை சாத்தும் வரை விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்; அவர்களுக்கு ஒரு வாசிப்புக்கூடமும், சுயஉதவிக் குழுக்கள் கூடவும் மருத்துவ முகாம் நடத்தவும் ஒரு கூடமும் போதும்.

எனவே, சுண்ணாம்புக் கட்டுமானம் அறிந்த பொறியாளர் ஒருவர் பார்வையிட்ட பிறகே முடிவெடுக்குமாறு அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். அரசும் மக்களும் செலவைப் பகிர்ந்துகொள்ளும் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் தரவேண்டிய மூன்றில் ஒரு பங்கைத் திரட்ட முன்னாள் மாணவர்கள் தயாராக இருக்கிறோம். அதற்குமுன், ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அரசங்கன்றை வேரோடு எடுத்துக் குழாய் அடைப்பை நீக்க மட்டுமாவது எங்களுக்கு அனுமதி வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.